கனவான்கள் திரைக்குப் போன கதை: ஒரு காமிக்ஸும் அதன் திரைவடிவமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலன் மூர் எழுதி கெவின் ஓ’நீல் வரைந்த ‘த லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்’ காமிக்ஸின் முதல் தொகுதியை நான் பலருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன். புத்தகம் திரும்பி வரும்போதெல்லாம் கூடவே சில சந்தேகங்களும் வரும். வாங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் 2003-இல் வெளியான அதே பெயர்கொண்ட திரைப்படத்தை எப்போதோ தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். ‘இது அது இல்லையே’ என்பதுதான் அவர்களுடைய எல்லாச் சந்தேகங்களுக்கும் வேர். ஒரே பதிலைப் பலருக்குச் சொல்லி அலுத்த பிறகு, கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிவைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். கதையின் முடிச்சுகள் பல இடங்களில் அவிழ்க்கப்பட்டிருக்கின்றன என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காமிக்ஸ் என்றால் சிறுவர் சமாச்சாரம்தானே, இதில் அப்படி என்ன இருக்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களின் பாத்திரங்கள் அனைவரும் ஒரே உலகத்தில், ஒரே காலத்தில் வாழ்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இதன் அடிப்படைக் கற்பனை. 1898-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் உளவுத்துறை இப்படிப்பட்ட ஐந்து பேரைத் திரட்டி, அரசு வெளிப்படையாகச் செய்ய முடியாத வேலைகளை அவர்களிடம் ஒப்படைக்கிறது. சூப்பர் ஹீரோக்கள் கூட்டணி அமைக்கும் அமெரிக்கக் காமிக்ஸ்களின் விக்டோரியா காலத்து மாற்றாகவே மூர் இதை முதலில் நினைத்திருக்கிறார். முதல் தொகுதி ஆறு இதழ்களாக 1999-இல் வெளிவரத் தொடங்கியது.

சிறுவர்களுக்கு உரியதா என்றால், நிச்சயமாக இல்லை. பாலியல் வன்முறை, கொலை, போதை எல்லாம் இதில் உண்டு. அவற்றில் சில வேடிக்கைத் தொனியில் சொல்லப்பட்டிருப்பது பெரியவர்களுக்கே உறுத்தலாக இருக்கும். திரைப்படம் அமெரிக்காவில் பதின்மூன்று வயதை ஒட்டிய தணிக்கைச் சான்றிதழோடு வந்தது. படத்தை நம்பி வீட்டுப் பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

வருகிறவர்கள் எல்லாம் யார் யார்? எந்த நாவலைச் சேர்ந்தவர்கள்?

காமிக்ஸில் ஐந்து பேர். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் (1897) வந்த மினா முர்ரே, ரைடர் ஹாகார்டின் ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ நாவலில் (1885) வந்த வேட்டைக்காரர் ஆலன் குவாட்டர்மெய்ன், ஜூல்ஸ் வெர்னின் கேப்டன் நீமோ, மருந்து குடித்தால் தன் தீய பாதியான ஹைட்டாக மாறிவிடும் ஆர். எல். ஸ்டீவன்சனின் டாக்டர் ஜெகில் (1886), எச். ஜி. வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதரான கிரிஃபின் (1897). எதிர்த்தரப்பில் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் வரும் வில்லன் பேராசிரியர் மோரியார்ட்டி இருக்கிறார்.

திரைப்படம் இவர்களோடு இருவரைச் சேர்த்தது. ஒருவர் ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே, மற்றவர் மார்க் ட்வைனின் டாம் சாயர். இந்தச் சேர்க்கையைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

அந்த நாவல்களையெல்லாம் படிக்காமல் இது புரியுமா?

படம் நன்றாகவே புரியும், ஏனென்றால் ஒவ்வொருவரும் உள்ளே வந்ததும் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். காமிக்ஸும் கதையளவில் புரியும். ஆனால் ஓ’நீல் வரைந்த ஒவ்வொரு கட்டத்தின் பின்னணியிலும், சுவரில் தொங்கும் ஓவியத்திலும், கடையின் பெயர்ப்பலகையிலும், வேறு ஏதாவது ஒரு நாவலின் சாயல் ஒளிந்திருக்கும். ஜெஸ் நெவின்ஸ் என்னும் அமெரிக்க நூலகர் இவற்றைக் கட்டம் கட்டமாக விளக்கித் தனிப் புத்தகங்களே எழுதியிருக்கிறார். முதல் வாசிப்பில் இவற்றைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம் என்பது என் யோசனை. ‘டிராகுலா’வை மட்டும் முன்னதாகப் படித்திருந்தால் போதும், அதற்கான காரணம் மினாவைப் பற்றிய பதிலில் வருகிறது.

அடுத்தவர் படைத்த பாத்திரங்களை இப்படி எடுத்துக்கொள்ளலாமா? திருட்டு இல்லையா?

பதிப்புரிமைக் காலம் முடிந்த பாத்திரத்தை யாரும் எடுத்தாளலாம். பிரிட்டனில் ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள் என்பது பொது விதி. ஸ்டீவன்சன் 1894-இலும், வைல்ட் 1900-இலும், வெர்ன் 1905-இலும், ட்வைன் 1910-இலும், ஸ்டோக்கர் 1912-இலும், ஹாகார்ட் 1925-இலும், கானன் டாயில் 1930-இலும் காலமானார்கள். படம் எடுக்கப்பட்டபோது இவர்கள் எவருடைய பாத்திரங்களுக்கும் அனுமதி தேவைப்படவில்லை.

மூர் இந்த எல்லையைக் கவனமாகவே கையாண்டார். முதல் தொகுதியில் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியை ஆட்டிப்படைக்கும் சீன வில்லனுக்குப் பெயரே கிடையாது, ‘டாக்டர்’ என்று மட்டும் குறிப்பிடப்படுகிறார். அது ஃபூ மஞ்சு என்பது வாசகர் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவரைப் படைத்த சாக்ஸ் ரோமர் 1959 வரை உயிரோடிருந்தார் என்பதால் பெயரைச் சொல்லாமல் விட்டார்கள். ஆள் தெரிகிறது, பெயர் தெரியவில்லை என்பதே அந்த இடத்தில் ஒரு நல்ல நகைச்சுவையாகவும் அமைந்துவிட்டது.

படத்தில் கண்ணுக்குத் தெரியாத மனிதனின் பெயர் ஏன் கிரிஃபின் இல்லை?

முந்தைய பதிலில் சொன்ன கணக்குதான் காரணம். வெல்ஸ் 1946-இல் காலமானார், ஆகவே பிரிட்டனில் அவருடைய எழுத்துகளின் உரிமை 2016 இறுதி வரை நீடித்தது. படத்திற்கு அந்தப் பாத்திரத்தின் உரிமை கிடைக்கவில்லை. ஆகவே, விஞ்ஞானி கண்டுபிடித்த மருந்தைத் திருடிக் குடித்த ராட்னி ஸ்கின்னர் என்ற புதிய ஆளை உருவாக்கினார்கள். டோனி கரன் அந்தப் பாத்திரத்தில் நடித்தார்.

வழக்கறிஞர்களுக்கு அஞ்சிச் செய்த இந்த மாற்றம் கதையையும் மாற்றிவிட்டது. வெல்ஸின் கிரிஃபின் கொடியவன். காமிக்ஸில் அவன் இன்னும் மோசமானவனாகி, இரண்டாம் தொகுதியில் செவ்வாய்க் கிரகத்தவர் படையெடுக்கும்போது மனித குலத்தையே காட்டிக்கொடுக்கிறான். ஸ்கின்னரோ சில்மிஷக்காரத் திருடன், உள்ளுக்குள் நல்லவன். துரோகி என்று எல்லாரும் அவனைச் சந்தேகிக்க, கடைசியில் அவன் நிரபராதி என்று தெரிகிறது. தனியாகப் பார்த்தால் ரசிக்கத்தக்க பாத்திரம்தான். படத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர்களில் அவனும் ஒருவன் என்பதை மறைக்கத் தேவையில்லை.

காமிக்ஸில் மினாதானே தலைவி? படத்தில் எப்படி குவாட்டர்மெய்ன் தலைவரானார்?

ஷான் கானரியை நடிக்கவைத்ததால். அவர் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் இருந்தார். எழுபது வயதைக் கடந்த ஒரு பெரிய நட்சத்திரத்தை ஒப்பந்தம் செய்துவிட்டு, அவரை ஒரு பெண்ணின் பின்னால் தடுமாறி நடக்கும் அபினி அடிமையாகக் காட்டத் துணியும் ஸ்டுடியோ எதுவும் இல்லை. காமிக்ஸில் குவாட்டர்மெய்ன் நமக்கு முதன்முதலில் தென்படுவது கெய்ரோ நகரத்து அபினிக் கூடத்தில். எலும்பும் தோலுமாக, எழுந்து நிற்கவும் திராணியில்லாமல் கிடக்கிறார். மினாதான் அவரை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வருகிறாள். படத்தில் அவர் ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ்காரர்களுக்கான ஒரு விடுதியில் அமர்ந்திருக்கிறார், தாக்க வந்தவர்களை அந்த வயதிலும் அடித்து வீழ்த்துகிறார்.

ஒருவரைத் தலைவராக்கினால் அவருக்கு ஒரு சோகமும் வேண்டும் என்பது வணிகப் படங்களின் எழுதப்படாத சட்டம். ஹாகார்டின் நாவலில் குவாட்டர்மெய்னின் மகன் பெரியம்மையில் இறக்கிறான். படத்தில் தந்தையோடு சென்ற ஒரு பணியில் மகன் கொல்லப்பட்டதாக மாற்றப்பட்டது. அந்த வெற்றிடத்தில் டாம் சாயர் மகனாக வந்து உட்காருகிறான். தொலைதூரக் குறியைச் சுட அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இறுதிக் காட்சியில் பயன்படுகிறது. திரைக்கதைப் பயிற்சி நூல்களின்படி எல்லாம் சரியாகவே இருக்கிறது.

மினா படத்தில் ரத்தக் காட்டேரியாக வருகிறாள். காமிக்ஸிலும் அப்படித்தானா?

இல்லை. காமிக்ஸின் முதல் தொகுதியில் அவளுக்கு எந்த அமானுஷ்ய சக்தியும் கிடையாது. கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றியிருக்கிறாள். அது மறைக்கும் வடு எவ்வளவு கோரமானது என்பது பிறகுதான் வாசகருக்குத் தெரியவருகிறது. கணவர் ஜோனதன் ஹார்க்கரிடமிருந்து மணவிலக்குப் பெற்றுவிட்டதால் பழைய பெயரான முர்ரேயையே மீண்டும் வைத்துக்கொள்கிறாள். ஓர் அரக்கன், ஒரு கொலைகாரன், ஓர் அபினி அடிமை, ஒரு கடற்கொள்ளையன் ஆகிய நால்வரையும் குரலாலும் அறிவாலும் மட்டுமே கட்டிமேய்க்கிறாள். மணவிலக்குப் பெற்ற பெண் என்று உளவுத்துறையினர் அவளைக் குத்திக்காட்டுவதைத் தாங்கிக்கொண்டே இந்த வேலையைச் செய்கிறாள்.

ஸ்டோக்கரின் நாவலைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பது தெரியும். அங்கும் மினா சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவள். ஆண்கள் ஆளுக்கொரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்க, அவற்றையெல்லாம் தட்டச்சு செய்து நாள் வாரியாக அடுக்கி, டிராகுலா எந்த வழியில் தப்பிச் செல்வான் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்பவள் அவள்தான். டிராகுலா இறந்ததும் அவள் நெற்றியிலிருந்த தழும்பு மறைகிறது, அதாவது அவள் காட்டேரியாக மாறவே இல்லை. படத்தில் பீட்டா வில்சன் நடித்த மினா ஹார்க்கர் கணவரை இழந்தவள், ரசாயனம் கற்றவள், வௌவால் கூட்டத்தோடு பறந்து பகைவர்களின் கழுத்தைக் கடிப்பவள். ஆபத்தானவளாகத் தெரிகிறாள் என்பது உண்மை. ஆனால் நான்கு பேருக்குக் கட்டளையிட்ட பெண்ணுக்குப் பற்களைக் கொடுத்துவிட்டு, தலைமையை வாங்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

டாம் சாயர் சின்னப் பையன்தானே? அவன் கையில் துப்பாக்கி எப்படி வந்தது?

அமெரிக்க ரசிகர்களுக்கு ஒரு அமெரிக்க முகம் வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பாத்திரம் அது. ஷேன் வெஸ்ட் நடித்த சாயர், அமெரிக்க ரகசியப் பிரிவின் இளம் உளவாளி. கணக்குப் பார்த்தால் இது நிற்காது. ட்வைனின் நாவல் 1876-இல் வெளியானாலும் கதை நடப்பது 1840-களில். அன்று பன்னிரண்டு வயதுப் பையன் என்று வைத்துக்கொண்டாலும், படம் நடக்கும் 1899-இல் சாயர் அறுபதைத் தாண்டியிருப்பார். குவாட்டர்மெய்னுக்கு மகனாக முடியாது, சீட்டாட்டத் துணையாக வேண்டுமானால் இருக்கலாம்.

டோரியன் கிரேயின் நிலை வேறு. 1890-இல் முதலில் பத்திரிகையில் வெளியான வைல்டின் கதையில், டோரியன் இளமையோடிருக்க, அவனுடைய ஓவியம் முதுமையையும் பாவங்களையும் சுமக்கிறது. ஸ்டுவர்ட் டவுன்சென்ட் நடித்த திரை டோரியனோ குண்டடி பட்டாலும் சாகாதவன், காயம் கண்முன்னே ஆறிவிடும். ஓவியத்தைப் பார்த்தால் மட்டும் இறந்துபோவான். மனசாட்சியைப் பற்றிய ஒரு கதை, சண்டைக் காட்சிக்கு வாகான கவசமாகிவிட்டது.

நசீருதீன் ஷா நடித்ததால்தான் நீமோவை இந்தியராக்கினார்களா?

தலைகீழாகச் சொல்ல வேண்டும். நீமோ இந்தியர் என்பதால்தான் நசீருதீன் ஷா நடித்தார். 1870-இல் வெளியான கடலடி நாவலில் நீமோவின் நாடு எது என்று வெர்ன் சொல்லவில்லை. ‘நீமோ’ என்றால் லத்தீனில் ‘யாருமில்லை’ என்று பொருள். ருஷ்யர்களால் குடும்பத்தை இழந்த போலந்துப் பிரபுவாகவே அவரை அமைக்க வெர்ன் முதலில் எண்ணினார். ருஷ்யச் சந்தையை இழக்க விரும்பாத பதிப்பாளர் ஹெட்சல் அதற்கு இணங்கவில்லை. பிறகு 1874-75-இல் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் உண்மை வெளிப்படுகிறது: அவர் பந்தேல்கண்ட் ராஜாவின் மகனான இளவரசர் டக்கார், 1857-ஆம் ஆண்டு எழுச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவர்.

அதோடு நிற்காமல், அவரைத் திப்பு சுல்தானின் மருமகன் முறையினராகவும் வெர்ன் ஆக்கிவிட்டார். மைசூருக்கும் பந்தேல்கண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. திப்புவின் மகன்கள் வேலூர்க் கோட்டையில் காவலில் இருந்தபோதுதான் 1806-இல் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதை அறிந்த நமக்கு, அந்த வம்சத்தையும் 1857-ஐயும் ஒரே மனிதரில் முடிச்சுப் போட்டது ஒரு வகையில் பொருத்தமாகக்கூடத் தோன்றலாம். முந்தைய திரைப்படங்கள் பலவற்றில் வெள்ளையராகவே காட்டப்பட்ட நீமோவை, மூரும் ஓ’நீலும் மீண்டும் இந்தியராக்கினார்கள். படம் அதைக் காப்பாற்றியது, அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்தாக வேண்டும். ‘ஹே ராம்’ படத்தில் காந்தியாக வந்தவர் மூன்றே ஆண்டுகளில் தாடியும் தலைப்பாகையுமாக வாள் சுழற்றியதைத் திரையில் பார்த்தது ஒரு தனி மகிழ்ச்சி.

அப்படியானால் நீமோ சீக்கியரா? காளியைக் கும்பிடுகிறாரே?

ஓ’நீல் அவரைச் சீக்கியராக வரைந்தார். படம் தலைப்பாகையை வைத்துக்கொண்டு, அறைக்குள் காளியை வணங்கவும் வைத்தது. உடனிருப்பவர்கள் அதைக் கண்டு மரண தேவதையை வழிபடுகிறவரை நம்பலாமா என்று சந்தேகப்படுகிறார்கள். இரண்டும் வெர்ன் எழுதியதில் இல்லை. இந்தியர் என்றால் தலைப்பாகை, மர்மம் என்றால் காளி என்னும் பழைய மேலைநாட்டு வழக்கம் இது.

இருந்தாலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. காமிக்ஸின் நீமோ பிரிட்டிஷ் பேரரசை மனமார வெறுப்பவர். அதற்காக ஏன் வேலை செய்கிறோம் என்ற கசப்பு அவர் பேச்சில் மாறாமல் இருக்கும், இரண்டாம் தொகுதியின் முடிவில் அருவருப்போடு விலகியே போகிறார். திரை நீமோவின் வெறுப்பு ஓரிரு வசனங்களோடு முடிந்து, அவர் நம்பகமான தளபதியாகவும் நல்ல வாகனங்களின் உரிமையாளராகவும் மாறிவிடுகிறார்.

ஹைட் அவ்வளவு பெரிய உருவம் என்று நாவலில் இருக்கிறதா?

இல்லை, அங்கே நேர்மாறு. ஸ்டீவன்சனின் ஹைட், ஜெகிலைவிடக் குள்ளமானவன். ஜெகிலின் தீய பக்கம் அதுவரை அடக்கிவைக்கப்பட்டதால் வளராமல் போயிற்று என்பது நாவல் தரும் விளக்கம். காமிக்ஸில் ஹைட் ராட்சதன், ஆனால் மூர் இதற்குக் காரணம் சொல்கிறார். தொடக்கத்தில் தான் குள்ளனாகவே இருந்ததாகவும், பிறகு தான் தடையில்லாமல் வளர, ஜெகில் தேய்ந்துபோனதாகவும் ஹைட்டே ஓரிடத்தில் கூறுகிறான். மூலத்தை மீறினாலும் மூலத்தின் தர்க்கத்திலிருந்தே மீறல் பிறக்கிறது. படத்தில் ஜேசன் ஃப்ளெமிங் கனமான ஒப்பனை உடைக்குள் நுழைந்து ஹைட்டாக நடித்தார். உடை பிரமாதம், ஆனால் அந்த விளக்கம் காணாமல் போயிற்று.

வெனிஸ் நகரத்துக்குள் அவ்வளவு பெரிய நீர்மூழ்கி எப்படி நுழைந்தது?

நுழைந்திருக்க முடியாது. வெனிஸின் பெரிய கால்வாயின் சராசரி ஆழமே ஏறத்தாழ 5 மீட்டர். வெர்னின் கணக்குப்படி நீமோவின் நீர்மூழ்கியான நாட்டிலஸ் 70 மீட்டர் நீளமும் 8 மீட்டர் விட்டமும் கொண்டது. திரையில் வரும் கப்பலோ அதைவிடப் பன்மடங்கு பெரியது. போதாக்குறைக்கு, சாலைகளுக்குப் பதிலாகக் கால்வாய்களும் படிகள் வைத்த பாலங்களுமே உள்ள அந்த நகரத்தில் ஒரு கார் துரத்தலையும் வைத்தார்கள். ஆக்‌ஷன் படங்களில் இதையெல்லாம் கேட்கக் கூடாது என்பார்கள். நான் கேட்பதற்குக் காரணம், வெர்ன் அளவுகளைச் சொல்வதில் பைத்தியமாக இருந்தவர்; நாட்டிலஸ் எத்தனை டன் நீரை விலக்குகிறது என்பதற்கே அவர் ஒரு அத்தியாயத்தில் பாடம் நடத்துவார்.

வில்லனின் திட்டம் இரண்டிலும் ஒன்றுதானே?

ஆள் ஒன்று, திட்டம் வேறு. குழுவுக்குக் கட்டளையிடும் ‘எம்’ என்பவர்தான் மோரியார்ட்டி என்னும் திருப்பம் இரண்டிலும் உண்டு. படத்தில் ரிச்சர்ட் ராக்ஸ்பர்க் நடித்த அவர், முகமூடி அணிந்த ‘ஃபான்டம்’ ஆக நாடுகளிடையே சண்டை மூட்டுகிறார். ஹைட்டின் மருந்து, மினாவின் ரத்தம், ஸ்கின்னரின் தோல், நீமோவின் தொழில்நுட்பம் ஆகியவற்றின் மாதிரிகளைத் திருடி, ஆயுதமாக்கி விற்பதற்காகவே குழுவைக் கூட்டினார் என்பது பிறகு தெரிகிறது. இலக்கியப் பாத்திரங்களை உரித்து விற்பனைச் சரக்காக்குவதே வில்லனின் வேலை என்று ஒரு ஸ்டுடியோ படம் சொல்வதில் உள்ள முரண்நகையை எழுதியவர்கள் உணர்ந்தார்களா என்று நான் பல முறை யோசித்ததுண்டு.

காமிக்ஸில் மோரியார்ட்டி வேடமிட்டு நுழைந்தவர் அல்லர். குற்ற உலகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வதற்காகப் பிரிட்டிஷ் உளவுத்துறையே அவரை வளர்த்தது. வானூர்தியில் பறந்து சென்று லண்டனின் ஏழைகள் வாழும் கிழக்குப் பகுதியின்மீது குண்டு பொழிவது அவர் திட்டம். அவருக்கு எதிரி, மேலே சொன்ன பெயரில்லாத சீன டாக்டர். ஆகவே அங்கே குற்றவாளி அரசுதான். படத்தில் அரசு ஏமாந்த தரப்பாகிவிடுகிறது.

காமிக்ஸிலேயே அத்தனை காட்சிகளும் வரைந்து இருக்கின்றனவே, அப்படியே படமாக்கினால் என்ன?

வரைந்திருப்பதைப் படமாக்கலாம், சொல்லும் குரலைப் படமாக்குவது கடினம். இந்தக் காமிக்ஸ் விக்டோரியா காலத்துச் சிறுவர் இதழ் ஒன்றின் வேடத்தைப் போட்டுக்கொண்டு பேசுகிறது. வீரம், பேரரசு, ஒழுக்கம் என்று முழங்கும் ஆசிரியரின் குரல் ஒரு பக்கம் ஒலிக்க, அடுத்த பக்கத்தில் அந்த வீரர்கள் செய்யும் ஈனச் செயல் வரையப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் நகைச்சுவையும் விமர்சனமும் இருக்கின்றன. கேமரா எதைக் காட்டினாலும் நேராகக் காட்டிவிடும், அதற்குப் பக்கத்தில் பொய் சொல்லும் ஓர் ஆசிரியரை நிறுத்துவதற்குத் தனி உத்தி வேண்டும்.

அந்த வேடம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. பழைய காலத்து உண்மையான விளம்பரங்களையும் இதழ்களில் சேர்த்திருந்தார்கள். ஐந்தாம் இதழில் பெண்களின் அந்தரங்கச் சுகாதாரக் கருவி ஒன்றின் விளம்பரம் இருந்தது. அந்தக் கருவியின் வணிகப் பெயர் ‘மார்வெல்’. போட்டி நிறுவனத்தின் பெயர் அப்படி ஓர் இடத்தில் வருவதைக் கண்டு அதிர்ந்த, இந்தக் காமிக்ஸை வெளியிட்ட டிசி நிறுவனத்தின் தலைமை, அச்சான பிரதிகளையெல்லாம் அழிக்கச் செய்து, பெயரை மாற்றி மறுபடி அச்சிட்டது.

படம் படுதோல்வி என்கிறார்கள், உண்மையா?

பாதி உண்மை. ஏறத்தாழ 7.8 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகம் முழுவதும் சுமார் 17.9 கோடி டாலர் வசூலித்தது. இதில் வட அமெரிக்காவின் பங்கு சுமார் 6.6 கோடி மட்டுமே. வசூலில் கணிசமான பகுதி திரையரங்குகளுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. ஆகவே கையைச் சுட்டுக்கொண்ட படம் என்று சொல்ல முடியாவிட்டாலும், அடுத்த பாகம் எடுக்கத் தூண்டும் படமாக அது இல்லை. 2003 ஜூலை 11 அன்று அமெரிக்காவில் வெளியானபோது, இரண்டே நாட்களுக்கு முன் வந்திருந்த முதல் ‘பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்’ படத்தோடு மோத வேண்டியிருந்தது. விமர்சகர்களும் இரக்கம் காட்டவில்லை.

படப்பிடிப்பில் வெள்ளம் வந்தது, இயக்குநரோடு கானரி சண்டை போட்டார் என்பதெல்லாம்?

வெள்ளம் உண்மை. படப்பிடிப்பு நடந்த பிராக் நகரத்தை 2002 ஆகஸ்டில் பெருவெள்ளம் சூழ்ந்து, அரங்குகள் பாழாயின. இயக்குநர் ஸ்டீபன் நாரிங்டனுக்கும் கானரிக்கும் ஒத்துப்போகவில்லை என்பதும் அப்போதே பரவலாகச் செய்திகளில் வந்ததுதான். 1998-இல் ‘பிளேட்’ எடுத்துப் பெயர் பெற்றிருந்த நாரிங்டன், இதற்குப் பிறகு முழுநீளப் படம் எதையும் இயக்கவில்லை. கானரியும் இதன்பின் திரையில் தோன்றி நடிக்கவில்லை, குரல் மட்டும் கொடுத்தார். படத்தின் குறைகள் எல்லாவற்றையும் வெள்ளத்தின்மீது ஏற்றிவிட முடியாது. மினாவின் பற்கள் வெள்ளத்துக்கு முன்பே எழுதப்பட்டவை.

ஆலன் மூர் ஏன் சினிமா பணமே வேண்டாம் என்கிறார்? படம் பிடிக்கவில்லை என்பதாலா?

படத்தைவிட வழக்குதான் காரணம். படம் வெளியான ஆண்டிலேயே லாரி கோஹன், மார்ட்டின் போல் ஆகிய இருவர், தாங்கள் முன்பு ஸ்டுடியோவிடம் கொடுத்திருந்த ‘காஸ்ட் ஆஃப் கேரக்டர்ஸ்’ என்னும் திரைக்கதையைத் திருடி எடுக்கப்பட்டது இந்தப் படம் என்று ட்வென்டியெத் செஞ்சுரி ஃபாக்ஸ்மீது வழக்குத் தொடுத்தார்கள். திருட்டை மறைக்கும் திரையாகவே காமிக்ஸ் உருவாக்கப்பட்டது என்பதும் அவர்களுடைய குற்றச்சாட்டு. காமிக்ஸில் முதன்மைப் பாத்திரங்களாக இல்லாத டாம் சாயரும் டோரியன் கிரேயும் படத்தில் வந்தது அவர்கள் வாதத்துக்குத் துணையானது.

படத்தோடு தொடர்பே வைத்துக்கொள்ளாத மூர், பல மணி நேரம் அமர்ந்து சாட்சியம் கூற நேர்ந்தது. பிறகு வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. தம் நேர்மை தீர்ப்பில் நிலைநாட்டப்படும் வாய்ப்புப் போனதாக மூர் கருதினார். அதன்பின் தம் படைப்புகளிலிருந்து எடுக்கப்படும் படங்களில் தம் பெயர் வரக் கூடாது, தம் பங்குப் பணத்தை ஓவியருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ‘வி ஃபார் வெண்டெட்டா’, ‘வாட்ச்மென்’ படங்களில் அவர் பெயர் இல்லாதது அதனால்தான்.

மூரே மற்றவர்களின் பாத்திரங்களை மாற்றினார்தானே? அவர் செய்தால் இலக்கியம், சினிமா செய்தால் குற்றமா?

இதுதான் எல்லாரும் கடைசியில் கேட்கும் கேள்வி, நியாயமானதும்கூட. மாற்றியதே குற்றம் என்றால் முதல் குற்றவாளி மூர்தான். ஹாகார்ட் 1887-இலேயே குவாட்டர்மெய்னைச் சாகடித்துவிட்டார். நீமோவுக்கு வெர்ன் கடலடியில் சமாதி கட்டிவிட்டார். இருவரையும் எழுப்பிக் கூட்டி வந்தது காமிக்ஸ்தான். ஓர் ஆணின் வெற்றிக் கதைகளுக்குப் பின்னால் அபினி நோயாளியைப் பார்ப்பது ஹாகார்டுக்கு மரியாதை செய்வதாகாது.

ஆனால் மூர் செய்த மாற்றங்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால், அநேகமாக எல்லாமே அந்தந்த நாவலில் உள்ள ஒரு காயத்தைத் தொட்டுத் தொடங்குபவை. மினாவின் கழுத்து, ஜெகிலின் பிளவு, நீமோவின் 1857, இவை எல்லாம் முடியாத கணக்குகளாகத் தொடர்கின்றன. படத்தில் ஒவ்வொரு காயமும் ஒரு திறமையாக மாறிவிட்டது. கடிபட்டவளால் பறக்க முடிகிறது, பிளவுபட்டவனால் தூண்களைத் தாங்க முடிகிறது, ஓவியத்தில் பாவம் சேர்த்தவன் குண்டடி பட்டும் சாவதில்லை. சண்டைக் காட்சிக்குத் திறமை வேண்டும் என்பது புரிகிறது. திரைக்கதை எழுதிய ஜேம்ஸ் டேல் ராபின்சன் காமிக்ஸ் உலகில் மதிப்புப் பெற்ற எழுத்தாளர், இந்த வேறுபாடு அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவருக்குக் கிடைத்த இடம் கானரியையும் டாம் சாயரையும் வெனிஸையும் கழித்த பிறகு எஞ்சியது.

மறுபடியும் எடுக்கப்போகிறார்களாமே?

ஃபாக்ஸ் நிறுவனத்தை 2019-இல் டிஸ்னி வாங்கியது. 2022-இல், ஹுலு தளத்துக்காகப் புதிய திரைவடிவம் உருவாக்கப்படுவதாகச் செய்தி வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஓ’நீல் காலமானார்; காமிக்ஸ் தொடர் அதற்கு முன்பே, 2019-இல், முடிந்திருந்தது. வெல்ஸ் பற்றிச் சொன்ன உரிமைத் தடையும் இப்போது இல்லை என்பதால், இந்த முறை கிரிஃபின் தன் சொந்தப் பெயரிலேயே வரலாம். அவனை நல்லவனாக்காமல் விட வேண்டும், மினாவின் கழுத்தில் அந்தச் சிவப்புத் துணி இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் முதல் நாளே பார்த்துவிடுவேன்.